கிராமச் சங்கத்து மூக்குப்பேணிகள்

சென்ற கிழமை எங்கள் ஊர்ச் சங்கக் கந்தோரில் வேலைசெய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். தேர்தல் முடிந்து புதிய அங்கத்தவர்கள் பதவி ஏற்கப்போகிறார்கள், அவர்களுக்கு வரவேற்பு வைக்கிறோம் என்றார்கள். ஒலிபெருக்கிக்குச் சொல்லியாகிவிட்டதாம். மாலைக்கும் சொல்லியாகிவிட்டதாம். படம் பிடிக்கிறவர் பருத்தித்துறையிலிருந்து வருகிறாராம்.

"பெரியம்மா, நீங்கள்தானே முந்தி அங்கை வேலை செய்தனீங்கள். அந்த நாளையிலை புது ஆக்களை எப்பிடி வரவேற்கிறது எண்டு மேடையிலை வந்து ரண்டு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்று மூத்தவள் கேட்டாள்.

மேடை என்றதும் நான் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் அங்கேயே நின்றேன். அவர்கள் விடவில்லை. குசினி வாசலில் வந்து குந்திக்கொண்டார்கள். கடைசியில், "எழுதித் தாறன். ஆரும் வாசியுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

அங்கத்தவர்களை வரவேற்பது என்றால் எனக்குத் தெரிந்தது அவர்களுக்குக் கோப்பி கொடுப்பதுதான். ஆகவே கோப்பியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்த வேலை என் புருசனால் எனக்கு வந்தது. அவர் சங்கத்தில் பியோனாக இருந்தவர். காய்ச்சலில் அவர் போன பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சங்கத் தலைவர் அம்பலவாணர் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். அம்மாதான் போய்க் கதைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கந்தோரைக் கூட்டி, தண்ணி அள்ளி வைச்சு, கூட்ட நாளிலை கோப்பி போட ஒரு ஆள் வேணும். உங்கடை மகள் வருவாவோ?"

அம்மா திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கதவுக்குப் பின்னால் ஆட்டிய தலை தலைவருக்கு எப்படித் தெரிந்ததோ, "சரி, திங்கட்கிழமை காலமை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வேலை பழகியது பெரிய கதை இல்லை. கூட்டுவதும் கழுவுவதும் வீட்டு வேலைதானே. பழக வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஆண்கள் இருக்கிற அறைக்குள் தட்டத்தோடு நடந்து போவது. குசினிக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் ஒரு அரைக் கதவு இருந்தது. முதல் மாதங்களில் அந்தக் கதவின் மேல் தட்டத்தை வைத்துவிட்டு நான் குனிந்து மறைந்துவிடுவேன். கிளாக்கர்தான் எழும்பி வந்து எடுத்துக்கொண்டு போவார். போகப்போக உள்ளே போகவும் வரவும் பழகினேன். கதைக்க மட்டும் வராது.

தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்பலவாணர் மலாயாவில் ரெயில் பகுதியில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். ஊருக்கு வந்தாரே தவிர ஸ்ரேசனை விட்டு வரவில்லை. அங்கேயிருந்து ஒரு கைமணி கொண்டுவந்திருந்தார். கூட்ட நாளில் அதை மூன்று தரம் அடிப்பார். முதல் மணிக்கு வண்டியில் வந்தவர்கள் இறங்கிக் கால் கழுவவேண்டும். இரண்டாம் மணிக்குக் கதிரையில் இருக்கவேண்டும். மூன்றாம் மணி அடித்தால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு யாரும் எழும்பிப் போகக்கூடாது. "ரெயில் வெளிக்கிட்டிட்டுது" என்பார். முறை வருமுன் யாராவது கதைக்க எழும்பினால், "கைகாட்டி இன்னும் விழேல்லை. இரும்" என்று இருத்திவிடுவார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைப்பார். கோபத்துக்குத் தக்கபடி துடைக்கும் நேரம் நீளும். அவர் துடைக்கத் தொடங்கினால் கிளாக்கர் பேனையை மூடி வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றச் சங்கங்களில் கூட்டம் முடிந்துதான் கோப்பி கொடுப்பார்களாம். எங்கள் தலைவர் முதலில் கொடுக்கச் சொன்னார். "சண்டை பிடிச்சு முடிஞ்சாப் பிறகு கோப்பி குடுத்து என்ன பிரயோசனம்?" என்று கிளாக்கரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆகவே மூன்றாம் மணி, உடனே கோப்பி, பிறகுதான் கதை. உலக யுத்தம் தொடங்கிச் சீனிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு, வெறுங்கோப்பியும் கடிக்கப் பனங்கட்டித் துண்டும் கொடுத்தோம்.

கோப்பி கொடுப்பது மூக்குப்பேணியில். இப்போதைய பிள்ளைகள் அதை அலுமாரிக்கு மேலே அழகுக்கு வைத்திருக்கிறார்கள். பித்தளைப் பேணி, ஒரு பக்கத்தில் சின்ன மூக்கு. அந்த மூக்கால் வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவேண்டும். ஒருவர் குடித்த பேணியில் இன்னொருவர் மனக்குறை இல்லாமல் குடிக்கலாம். சங்கத்தில் எட்டுப் பேணி இருந்தது. ஏழு அங்கத்தவர்களுக்கு ஏழு, கிளாக்கருக்கு ஒன்று. கூட்டத்துக்கு முதல் நாள் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன். மூக்குக்குள் அழுக்கு நிற்கும். ஈர்க்கில் துணி சுற்றி விட்டு எடுக்கவேண்டும். தலைவர் வந்து ஒரு பேணியைத் தூக்கி அதற்குள் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைப்பார். ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

சண்டைக்காரரை ஒன்றுசேர்க்க அவர் வைத்திருந்த வழியும் ரெயில்காரர் வழிதான். ஒரு தேர்தலில் மச்சான்மார் இருவர் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களில் வென்று வந்தார்கள். இருவருக்கும் நடுவில் வேலிச் சண்டை. எல்லையில் நின்ற ஒற்றைப் பனை யாருடையது என்று மல்லாகம் கோட்டில் வழக்கு. கூட்டத்தில் ஒருவர் 'ஓம்' என்றால் மற்றவர் 'இல்லை'. ஒருவர் இருமினாலும் மற்றவர் ஆட்சேபிப்பார். தலைவர் இரண்டு கூட்டம் பொறுத்தார். மூன்றாம் கூட்டத்தில், வெள்ளம் நிற்கிற ஒரு தெருவைப் பார்த்து வர இருவரையும் நியமித்தார். சங்கத்துக்கு இருந்தது ஒரு கூட்டு வண்டி. அதில் ஏறியவர்கள் ஊர் எல்லை வரை ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்களாம். வண்டிச் சில்லு சேற்றில் புதைந்தது. வண்டிக்காரன் மாட்டைப் பிடிக்க, இருவரும் இறங்கித் தள்ளவேண்டி வந்தது.

அடுத்த கூட்டத்தில் மூத்த மச்சான் அறிக்கை சொன்னார்: "தெருவிலை முழங்காலளவு தண்ணி. மச்சான் மட்டும் தள்ளாட்டில் நான் இண்டைக்கும் அங்கைதான் நிப்பன்."

வழக்கு அதன் பிறகும் நடந்தது. கோட்டுக்கும் இருவரும் ஒரே வண்டியில் போகத் தொடங்கினார்கள்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் நடந்த தேர்தல் அது. அப்போது சின்னம் கிடையாது, நிறம்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. விருப்பமான நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போடவேண்டும். பெண்களும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் போன ஒரு மனுசி வெளியே வந்து, "மஞ்சள் பெட்டியைக் கண்டதும் பிள்ளையார் ஞாபகம் வந்திட்டுது. தொட்டுக் கண்ணிலை ஒத்திப்போட்டு, சீட்டைப் பச்சைக்குள்ளை போட்டிட்டன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு போனார்.

கடற்கரைப் பக்கத்துப் பனங்கூடல் வட்டாரத்தில் கதிரன் வென்றார்.

கதிரன் பனை ஏறித் தொழில் செய்கிறவர். அவருடைய ஆட்களை எங்கள் வீடுகளுக்குள் விடாத காலம் அது. முற்றத்தில் நிற்கவேண்டும். கதிரை கிடையாது. சால்வையைத் தோளில் போடக்கூடாது, கமுக்கட்டுக்குள் இடுக்கிக்கொள்ளவேண்டும். எங்களை 'நயினார்', 'நாச்சியார்' என்று கூப்பிடவேண்டும். குடிக்கக் கேட்டால் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றுவார்கள். நாங்கள் அவர்களை 'அவன்', 'அவள்' என்போம். இங்கே நான் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன்.

பனங்கூடலில் குடிதண்ணீர்க் கிணறு இல்லை. அந்தப் பெண்கள் குடத்தோடு எங்கள் பக்கத்துக் கிணற்றடியில் வந்து நிற்பார்கள். அவர்கள் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது. யாராவது மனம்வைத்து அள்ளி ஊற்றும்வரை வெயிலில் நிற்கவேண்டும். அந்தக் கிணற்றுக்காகத்தான் கதிரன் தேர்தலுக்கு நின்றார். தோற்றுப்போனவர் எங்கள் சின்னையாவின் மனுசியின் தமையன்.

சின்னையா என்பது என் ஐயாவின் தம்பி வேலுப்பிள்ளை. அவரும் தோட்ட வட்டாரத்தின் அங்கத்தவர். புகையிலைக்காரர். எங்கள் வீட்டுச் சாவீட்டை முன்னுக்கு நின்று நடத்தியவர் அவர். அதை நான் எப்போதும் மறக்கமாட்டேன். அவருக்கும் ஒரு தேவை இருந்தது. தோட்டத்துக்குப் போகிற ஒழுங்கைப் பாதைக்குக் கல்லுப் போடவேண்டும். மாரி தொடங்கினால் அதில் வண்டி போகாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"எடி பிள்ளை பாக்கியம். அவனுக்கும் நீதான் கோப்பி குடுக்கப்போறியோ?"

நான் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

"பேணியிலை குடுத்தியோ, பிறகு எங்கடை வீட்டு நன்மை தின்மைக்கு நீ வரத் தேவையில்லை. உன்ரை தங்கச்சிக்குக் கலியாணம் வருகுது. விளங்குதோ?"

தங்கச்சி என்று அவர் சொன்னது தன் மகளை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

அடுத்த நாள் கந்தோரில் மேசை துடைத்தேன். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தேன். தலைவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன பாக்கியம்?"

"பேணி…" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவருக்கு விசயம் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. "வராத ரெயிலுக்கு இப்பவே கொடி காட்டக்கூடாது. நீர் எட்டையும் தேய்ச்சு வையும்" என்று சொல்லிவிட்டுத் தாளுக்குள் தலையைக் குனிந்தார். நான் எட்டையும் தேய்த்தேன்.

கூட்ட நாள் வந்தது. வாசலில் நிறைகுடமும் விளக்கும் வைத்தோம். சந்தனமும் பன்னீர்ச் செம்பும் வைத்தோம். மச்சான்மார் இருவரும் அந்த முறையும் வென்றிருந்தார்கள். மூத்தவர் முதலில் வந்து கால் கழுவி உள்ளே இருந்தார். சின்னையாவும் இளைய மச்சானும் வேறு இருவருமாக நால்வர் வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே வரவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் நின்றுகொண்டார்கள்.

கதிரன் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சேட்டு. சால்வை கமுக்கட்டுக்குள். அவருடைய மனுசி வள்ளி தெருவரைக்கும் பின்னால் வந்து, அங்கேயே ஓரமாக நின்றுவிட்டார். கதிரன் படலையைத் தாண்டி முற்றத்தில் நின்றார். வழக்கமாக நிற்கும் இடம் அதுதானே.

தலைவர் தானே இறங்கி வந்தார். பன்னீர் தெளித்தார். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். பிறகு, "சால்வை கசங்குது" என்றார்.

கதிரன் குனிந்து சால்வையைப் பார்த்தார். மெல்ல எடுத்து உதறினார். தோளில் போட்டுக்கொண்டார்.

"வாருங்கோ கதிரன். உள்ளுக்கு வந்து இருங்கோ."

வேம்பின் கீழிருந்து சின்னையாவின் குரல் கேட்டது. "கேட்டீரோ, 'இருங்கோ'வாம்! இவ்வளவு காலமும் என்னைக்கூட 'இரும்' எண்டுதான் சொல்லுறவர்!"

இளைய மச்சான் சிரித்துவிட்டார். சின்னையா முறைத்ததும் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் மணி அடித்தது. அறைக்குள் இருந்த அங்கத்தவர்கள் தலைவர், மூத்த மச்சான், கதிரன் மூவர்தான். கூட்டம் நடத்த நாலு பேராவது வேண்டும். முதல் கூட்டமே நடக்காவிட்டால், இந்த ஊருக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்று மேலிடத்துக்கு எழுதிவிடுவார்கள். கிணறும் போகும், ஒழுங்கையும் போகும். கதிரன் கதிரையின் நுனியில் இருந்தார். நான் அரைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் யன்னலடிக்குப் போனார்.

"வேலுப்பிள்ளையர், மாரி வருகுது. ஒழுங்கை விசயம் இண்டைக்கு எடுக்காட்டில் வாற வருசம்தான்."

"கதிரையைப் பற்றி நான் கதைக்கேல்லை ஐயா" என்றார் சின்னையா. "வோட்டு விழுந்திட்டுது, கதிரை குடுங்கோ. அது சட்டம். ஆனால் பேணி சட்டத்திலை இல்லை, கண்டியளோ. அவனுக்குச் சிரட்டையிலை குடுக்கட்டும். ஓமெண்டால் இந்தக் கணமே உள்ளுக்கு வாறம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கிளாக்கர் பேனையை மூடினார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. முன்பக்கம் துடைத்தார், பின்பக்கம் துடைத்தார், காதில் மாட்டும் கம்பியையும் துடைத்தார்.

பிறகு, "சரி. சிரட்டை" என்றார்.

கதிரன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தலைவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. நால்வரும் கால் கழுவி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்து இருந்தார்கள். தலைவர் மூன்றாம் மணியை அடித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

"ரெயில் வெளிக்கிட்டிட்டுது. இனி ஒருத்தரும் இறங்கேலாது. அங்கத்தவருக்கும் அங்கத்தவருக்கும் வித்தியாசம் காட்டச் சட்டத்திலை இடமில்லை. பாக்கியம், எல்லாருக்கும் சிரட்டையிலை கொண்டுவாரும். முதல் எனக்கு."

நான் குசினிக்குள் ஓடினேன். அடுப்பெரிக்க ஒரு பனையோலைக் கடகம் நிறையச் சிரட்டை வைத்திருந்தேன். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் கண் இருக்கும். அது ஒழுகும். கண் இல்லாத பாதிகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். தும்பைச் சுரண்டினேன், கழுவினேன், கோப்பியை ஊற்றினேன். பித்தளைப் பேணி எட்டும் தட்டில் மினுங்கிக்கொண்டு சும்மா இருந்தன.

தலைவர் முதல் சிரட்டையை எடுத்து, மலாயாப் பென்சன்காரர் என்பதையெல்லாம் மறந்து, மடக்கு மடக்கென்று குடித்தார். மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டு போனேன். சின்னையா வேண்டாம் என்று சொல்லமுடியாது. சிரட்டையைக் கேட்டவரே அவர்தானே. வாங்கிக்கொண்டார்.

வாங்கிய பிறகுதான் அவர்களுக்கு ஒரு விசயம் விளங்கியது. சிரட்டையை மேசையில் வைக்கமுடியாது. அடி உருண்டை. வைத்தால் கவிழும். கையில் வைத்திருந்தால் சுடும். ஊரின் பெரிய மனுசர் எல்லாரும் சுடுகோப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு இருந்தார்கள்.

கதிரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில், "விளிம்பிலை பிடியுங்கோ நயினார். அடியிலை பிடிச்சால் சுடும்" என்றார்.

இளைய மச்சான் உடனே விளிம்பில் பிடித்தார். "ஓமடாப்பா, சுடேல்லை!" என்றார்.

இனிக் கதிரன்தான் பாக்கி. நான் குசினிப் பக்கம் திரும்பினேன். அவர் கூப்பிட்டார்.

"நாச்சியார், எனக்குச் சிரட்டை வேண்டாம். அது நான் பிறந்த நாள் தொட்டுக் குடிக்கிறன். நயினார்மார் ஆசைக்கு இண்டைக்கு அதிலை குடிக்கட்டும். நான் பேணியிலை குடிச்சுப் பாக்கவேணுமெண்டு வந்தனான்."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை. குடித்து முடித்த சிரட்டைக்குள் எதையோ தேடுகிறவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் ஒரு பக்கம் கடகத்தில் சிரட்டை, மறுபக்கம் தட்டில் பேணி. சின்னையா வீட்டுக் கலியாணம் நினைவுக்கு வந்தது. கிணற்றடியில் குடத்தோடு நிற்கிற வள்ளி நினைவுக்கு வந்தார். இவை எல்லாம் நினைவுக்கு வரும்போதே என் கை ஒரு பேணியை எடுத்து ஊற்றிவிட்டது. மனம் தீர்மானித்ததா, கை தீர்மானித்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பனங்கட்டித் துண்டு ஒன்றையும் வைத்துத் தட்டத்தோடு உள்ளே போனேன்.

"உதென்ன பாக்கியம்?" என்று சின்னையா கத்தினார். எழும்பப் பார்த்தார். கை நிறையச் சுடுகோப்பி. எழும்ப முடியவில்லை. "சிரட்டை எங்கை?"

கூட்ட அறைக்குள் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"சிரட்டை முடிஞ்சு போச்சுது, சின்னையா."

மூத்த மச்சானுக்குக் கோப்பி மூக்கால் வந்தது. குசினியில் ஒரு கடகம் கிடப்பது அரைக் கதவுக்கு மேலால் அவருக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்க, அவருடைய மச்சான் சிரிக்க, கிளாக்கரும் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் பேணியைக் கதிரன் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதிரன் பேணியைத் தூக்கினார். அண்ணாந்தார். ஒரு முழம் உயரத்திலிருந்து ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக் குடித்தார்.

"உனக்கு உது எங்காலை பழக்கம்?" என்று மூத்த மச்சான் கேட்டார்.

"மனுசி ஒரு கிழமையாய்ப் பழக்கினவ, நயினார். செம்பிலை ஓட்டை போட்டு அண்ணாக்க வைச்சவ. இருந்த ரண்டு சேட்டும் நனைஞ்சு போச்சுது."

இந்த முறை எல்லாருமே சிரித்தார்கள், சின்னையாவைத் தவிர. அவர் சிரட்டையில் வாய் வைக்கவில்லை. வைக்கவும் இடமில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் அவருடைய ஒழுங்கைத் தீர்மானம் வந்தது. ஆமோதிக்கத் தலைவர் ஆள் கேட்டார். நான்கு பேராக வந்தார்களே, அவர்களுக்குள்ளும் ஒழுங்கை யார் பக்கத்தால் போவது என்று இழுபறி இருந்ததாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான் ஆமோதிக்கிறன்" என்றார் கதிரன். "எங்கடை பெண்டுகள் பனங்கட்டி கொண்டு சந்தைக்குப் போறதும் அந்த ஒழுங்கையாலைதான். மாரியிலை இடுப்பளவு தண்ணி."

சின்னையா அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தரம் பார்த்தார். ஒழுங்கை நிறைவேறியது.

அடுத்தது பனங்கூடல் கிணறு. கதிரன் எழும்பி நின்று சொன்னார். கதை சொல்லவில்லை, அழவில்லை. எந்த இடத்தில் வெட்டலாம், எத்தனை வீடு இருக்கிறது, வெட்டுகிற ஆட்களைத் தாங்களே தருவார்கள் என்பதை மட்டும் சொன்னார். மூத்த மச்சான் ஆமோதித்தார். தலைவர், "எதிர்க்கிறவை கையைத் தூக்குங்கோ" என்றார்.

எல்லாரும் சின்னையாவைப் பார்த்தார்கள்.

"கையைத் தூக்கினால் கோப்பி ஊத்துப்படும்" என்றார் சின்னையா, எரிச்சலோடு.

"எதிர்ப்பு இல்லை. எழுதும் கிளாக்கர்" என்றார் தலைவர்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, சின்னையாவின் கதிரைக்குக் கீழே தரையில் ஆறிய கோப்பி ஊற்றுண்டு கிடந்தது. துடைத்தேன்.

சின்னையா சொன்னதைச் செய்தார். தங்கச்சியின் கலியாணத்துக்கு எங்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மேளம் அடித்தது. அம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நான் வளவுக்குள் நின்று, கலியாணப் பொம்பிளை போகும்போது வேலி ஓட்டையால் பார்த்தேன். நல்ல சிவப்புக் கூறைச் சேலை. தலையில் பூ கொஞ்சம் கூடத்தான்.

கிணறு வெட்டி முடிந்தது. ஊற்றுக் கண்ட அன்று வள்ளி தெருவில் போகும்போது எங்கள் படலையடியில் நின்று, "தேங்காய்த்தண்ணி மாதிரிக் கிடக்கு, நாச்சியார்!" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார். ஒழுங்கைக்கும் மாரிக்கு முன்பே கல்லு விழுந்தது.

சங்கக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. அடுத்த கூட்டத்திலிருந்தே எல்லாருக்கும் திரும்பப் பேணி. சுடுசிரட்டை பிடித்தவர்கள் யாரும் சிரட்டையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. சின்னையா மட்டும் வீட்டிலிருந்து ஒரு வெள்ளித் தம்ளரைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். மூன்றாம் மணி அடித்ததும் சுற்றை அவிழ்த்து மேசையில் வைப்பார். நான் அதில் ஊற்றுவேன். என்னோடு கதைக்கமாட்டார். கதிரன் அவருக்குப் பக்கத்துக் கதிரை. வட்டார ஒழுங்குப்படி தலைவர் இருத்தியது. அப்படியொரு முறையைத் தலைவர் எங்கே கண்டுபிடித்தார் என்று கிளாக்கருக்கே தெரியாது.

கதிரனும் மெல்ல மெல்ல மாறினார். தலைவரை 'தலைவர் அவர்களே' என்றார். மச்சான்மாரைப் பெயர் சொல்லி 'அவர்' போட்டுக் கூப்பிட்டார். அவர்களும் அதைப் பொருட்படுத்தாத மாதிரி இருந்தார்கள். சின்னையாவை மட்டும் அவர் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடமாட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒருநாள் நல்ல மழை. சின்னையா வண்டியில் இருந்து இறங்கி நனைந்து ஓடி வந்தார். மூன்றாம் மணி அடித்தது. மடியைத் தடவினார். சால்வையை உதறினார். தம்ளர் இல்லை. வீட்டில் மறந்துவிட்டார்.

நான் தட்டத்தோடு பக்கத்தில் நின்றேன். தட்டத்தில் ஒரு பேணி கூடுதலாகவே இருந்தது. எப்போதும் எட்டையும்தான் கொண்டுபோவேன். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டு அதையே பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தார்.

"நல்லாய்க் கழுவினனியோ பிள்ளை?"

"ஓம் சின்னையா. எல்லாத்தையும் ஒண்டாய்ப் போட்டுத்தான் கழுவினனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேணிகளைப் பார்த்தார். எட்டும் ஒரே மினுக்கம். எதில் யார் போன மாதம் குடித்தார் என்று தேய்த்த எனக்கே தெரியாது. மச்சான்மார் இருவரும் யன்னலால் மழை பார்க்கத் தொடங்கினார்கள்.

சின்னையா ஒரு பேணியை எடுத்தார். அண்ணாந்து முழுவதையும் குடித்து முடித்து, அதை மேசையில் வைத்தார்.

கதிரன் பனங்கட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினார். சின்னையா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"ஆர் காய்ச்சினது?"

"எங்கடை வீட்டிலைதான், வேலுப்பிள்ளையர்."

சின்னையா மெல்லுவதை நிறுத்தினார். பிறகு விழுங்கினார்.

"பதம் கொஞ்சம் கூடிப்போச்சுது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்தார்.